நெரிசல் வந்தாலும் ரவுட்டர் ஏன் பாதையை மாற்றுவதில்லை?

கேள்வி: 2 மார்ச் 2024, மாலை 6:12

ரூட்டிங் ப்ரோட்டோகால்கள் (ரவுட்டர்கள் பாதையை முடிவு செய்யும் விதிமுறைகள்) எப்போதும் வேகமான பாதையைக் கண்டுபிடிக்கும், நெரிசல் வந்தால் உடனே வேறு பாதைக்கு மாற்றிவிடும் என்றுதான் படித்திருக்கிறேன். எங்கள் நெட்வொர்க்கில் ஓஎஸ்பிஎஃப் என்ற ப்ரோட்டோகால் ஓடுகிறது. ஒரு லிங்க் நிரம்பி வழிகிறது, பக்கத்து லிங்க் சும்மா கிடக்கிறது. ரவுட்டர் கண்டுகொள்ளவே இல்லை. இது கோளாறா?

2 மார்ச், இரவு 9:40

கோளாறு இல்லை. ஓஎஸ்பிஎஃப்புக்கு நெரிசல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் (லிங்க் சொருகியிருக்கும் வாசலுக்கும்) காஸ்ட் என்று ஒரு எண் இருக்கும். போக வேண்டிய இடம் வரை அந்த எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் அனுப்பும். லிங்க் காலியாக இருந்தாலும் சரி, 99 சதவீதம் நிரம்பியிருந்தாலும் சரி, எண் மாறாது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். நீங்களாக எதுவும் கொடுக்காவிட்டால், பெரும்பாலான ரவுட்டர்கள் 100 மெகாபிட்டை இன்டர்ஃபேஸின் வேகத்தால் வகுத்து எடுத்துக்கொள்ளும். 10 மெகாபிட் லிங்குக்கு 10, 100 மெகாபிட் லிங்குக்கு 1. ஒன்றுக்குக் கீழே போக முடியாது என்பதால் 1 கிகாபிட்டுக்கும் 1, 10 கிகாபிட்டுக்கும் 1. ஒரு காலத்தில் 100 மெகாபிட் என்பதே பெரிய வேகம். அப்போது வைத்த அளவுகோல் இன்னும் பல பெட்டிகளில் அப்படியே இருக்கிறது.

நான் பொறுப்பேற்ற ஒரு நெட்வொர்க்கில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 10 கிகாபிட் ஃபைபர் போட்டிருந்தார்கள், ஆனால் அது நடுவில் ஒரு ரவுட்டர் வழியாகப் போகும். பழைய 100 மெகாபிட் லிங்க் ஒன்றை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நேரடியாக விட்டு வைத்திருந்தார்கள். பழைய வழிக்குக் காஸ்ட் 1. புதிய வழிக்கு 1 கூட்டல் 1, ஆக 2. மொத்த போக்குவரத்தும் அந்தப் பழைய லிங்கில் திணறிக்கொண்டிருந்தது, புதிய ஃபைபரில், உயிரோடு இருப்பதை ரவுட்டர்கள் சொல்லிக்கொள்ளும் ஹலோ பாக்கெட்டுகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. ரவுட்டர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. கொடுத்த எண்கள்தான் அப்படி.

உங்கள் விஷயமும் இதுவாக இருக்கலாம். ரெஃபரன்ஸ் பேண்ட்வித் (மேலே சொன்ன அந்த 100 மெகாபிட்) என்ன என்று பாருங்கள். மாற்றினால் எல்லா ரவுட்டரிலும் ஒரே மதிப்பாக மாற்றுங்கள். பாதி ரவுட்டர் பழைய அளவுகோலிலும் பாதி புதியதிலும் இருந்தால், இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும்.

2 மார்ச், இரவு 10:05

விட்டுப்போனது: இரண்டு பாதைகளின் கூட்டுத்தொகையும் அச்சு அசலாகச் சமமாக இருந்தால் இரண்டையும் பயன்படுத்தும். ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற்றி மாற்றி அனுப்பாது. அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளையும் போர்ட் எண்களையும் வைத்து ஒரு ஹேஷ் (அவற்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்) போட்டு, ஒரே உரையாடலின் பாக்கெட்டுகளை ஒரே லிங்கில்தான் விடும். வரிசை குலையக் கூடாது என்பதற்காக. எனவே ஒரே ஒரு பெரிய பேக்கப் ஓடினால், சம காஸ்ட் இருந்தும் ஒரு லிங்க் நிரம்பி இன்னொன்று காலியாக இருப்பதைப் பார்க்கலாம்.

4 மார்ச், காலை 7:30

"எல்லா ரவுட்டரும் இப்படித்தான் கூட்டிப் பார்க்குமா" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இரண்டு பெரிய மரபுகள் இருக்கின்றன.

முதலாவது டிஸ்டன்ஸ் வெக்டர். பெல்மன், ஃபோர்டு இருவரும் 1950களில் தந்த கணக்கு. என் பக்கத்து ரவுட்டர் "அந்த இடம் எனக்கு 3 ஹாப் தூரம்" என்று சொல்கிறது (ஹாப் என்றால் வழியில் ஒரு தாவல்). நான் ஒன்றைக் கூட்டி "எனக்கு 4" என்று குறித்துக்கொண்டு, என் மற்ற பக்கத்து ரவுட்டர்களுக்குச் சொல்கிறேன். யாரும் முழு வரைபடத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் வதந்தி பரவுவது போலத்தான்: சொன்னவர் யாரிடம் கேட்டார் என்று கேட்பவருக்குத் தெரியாது. ரிப் என்ற ப்ரோட்டோகால் இந்த வகை. 1988இல் ஆர்எஃப்சி 1058 ஆக (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஒன்று) எழுதி வைத்தார்கள், அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 30 விநாடிக்கு ஒருமுறை முழு டேபிளையும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பும். 180 விநாடி வரை ஒரு பாதையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், கெட்ட செய்தியில். அ, ஆ, இ என்று மூன்று ரவுட்டர்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. இ-க்குப் பின்னால் ஒரு நெட்வொர்க். ஆ-வுக்கு அது 2 ஹாப், அ-வுக்கு 3. இப்போது ஆ-வுக்கும் இ-க்கும் நடுவே கேபிள் அறுந்துவிட்டது. ஆ அந்தச் செய்தியைச் சொல்வதற்கு முன்பே அ-விடமிருந்து வழக்கமான அறிவிப்பு வருகிறது: "எனக்கு 3 ஹாப்பில் போகத் தெரியும்." அந்த 3 தன் வழியாகத்தான் வந்தது என்று ஆ-வுக்குத் தெரியாது. "சரி, அப்படியானால் எனக்கு 4" என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு அ தன் கணக்கை 5 ஆக்குகிறது. ஆ 6. அ 7. இதற்கு முடிவே இல்லை. அதனால்தான் ரிப்பில் 16 என்றால் "போக முடியாது" என்று பொருள் வைத்தார்கள். எண்ணிக்கை 16ஐத் தொடும் வரை பாக்கெட்டுகள் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

யாரிடம் கேட்டேனோ அவருக்கே அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்ற விதி, ஸ்ப்ளிட் ஹொரைசன், இந்த இருவர் ஆட்டத்தை நிறுத்திவிடும். மூன்று ரவுட்டர்கள் வட்டமாக இருந்தால் நிறுத்தாது. வதந்தி சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்துவிடும்.

4 மார்ச், காலை 7:55

இரண்டாவது மரபு லிங்க் ஸ்டேட். ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் இரண்டும் இந்த வகை. "எனக்கு நேரடியாக இன்னின்னார் பக்கத்தில் இருக்கிறார்கள், இன்ன காஸ்ட்" என்பதை மட்டும் ஒவ்வொரு ரவுட்டரும் சொல்லும். அந்தச் சொல் மாறாமல், ஏரியா முழுக்க, அதாவது ஒரே வரைபடத்தைப் பகிரும் ரவுட்டர் கூட்டம் முழுக்க, எல்லாருக்கும் போய்ச் சேரும். எல்லாருடைய கையிலும் ஒரே வரைபடம். பிறகு ஒவ்வொருவரும் தன்னை நடுவில் வைத்து, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கைப் போடுவார்கள்: இதுவரை தெரிந்ததில் மிக அருகில் இருக்கும் கணுவை (ரவுட்டரை) உறுதி செய், அதன் வழியாகப் போனால் அதன் பக்கத்துக் கணுக்களுக்குத் தூரம் குறைகிறதா பார், குறைந்தால் திருத்து, மறுபடியும் மிக அருகில் இருப்பதை எடு. எல்லாக் கணுவும் முடிந்ததும் மரம் தயார்.

சில நூறு ரவுட்டர்கள் இருக்கும் ஏரியாவில்கூட இந்தக் கணக்கு மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும். பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இந்தப் பகுதியைத்தான். வேலை செய்யும் இடத்தில் நான் பார்த்தவரை, இதனால் யாருக்கும் தலைவலி வந்ததில்லை. எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் ஒரே வரைபடத்தை வைத்திருக்கின்றனவா என்பதில்தான் தலைவலி எல்லாம்.

5 மார்ச், இரவு 11:20

மறுபடியும் நெரிசலுக்கு வருகிறேன். "அளந்து பார்த்து மாற்றும்படி எழுதினால் போச்சு, இது என்ன பெரிய விஷயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதினார்கள். இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான்.

1969இல் இருந்த முதல் முறை டிஸ்டன்ஸ் வெக்டர். அதில் தூரம் என்பது அந்த நொடியில் வரிசையில் எத்தனை பாக்கெட்டுகள் காத்திருக்கின்றன என்பதை வைத்து. வரிசை நொடிக்கு நொடி மாறும், பாதையும் அதோடு சேர்ந்து அலையும். 1979இல் அதைத் தூக்கிவிட்டு லிங்க் ஸ்டேட்டைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை 10 விநாடிகளுக்கான சராசரித் தாமதத்தை அளந்து, அதையே காஸ்ட்டாக அறிவித்தார்கள். போக்குவரத்து குறைவாக இருக்கும்வரை அருமையாக வேலை செய்தது.

போக்குவரத்து கூடியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு பகுதிகளை இணைக்க இரண்டு லிங்குகள் மட்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நிரம்பியது, தாமதம் கூடியது, அறிவிப்பு போனது. எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தைப் பார்க்கின்றன, ஒரே கணக்கைப் போடுகின்றன, ஒரே முடிவுக்கு வருகின்றன. மொத்தமும் இரண்டாவது லிங்குக்குத் தாவுகிறது. முதல் லிங்க் காலி. அடுத்த அளவீட்டில் முதல் லிங்க் சொர்க்கம் போலத் தெரிகிறது, எல்லாம் திரும்ப அங்கே. எந்த நேரத்திலும் ஒரு லிங்க் மூச்சுத் திணறும், இன்னொன்று வெறுமையாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது மட்டும் நடக்கவே நடக்காது. நீங்கள் இப்போது பார்க்கும் அதே காட்சிதான், 10 விநாடிக்கு ஒருமுறை பக்கம் மாறும், அவ்வளவே.

1987இல் கன்னா, ஜிங்கி இருவரும் சேர்ந்து அந்த அளவுகோலைத் திருத்தினார்கள். அளவிட்ட தாமதத்தை அப்படியே சொல்லக் கூடாது. எவ்வளவு நெரிசல் இருந்தாலும், காலியாக இருக்கும்போது சொல்லும் காஸ்ட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஒரு அறிவிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே எண் எவ்வளவு மாறலாம் என்பதற்கும் வரம்பு. அதாவது, நெரிசலைப் பற்றிக் கொஞ்சம் மட்டும் சொல். அப்போது ஓரத்தில் இருக்கும் சில பாதைகள் மட்டும் விலகும், மொத்தக் கூட்டமும் தாவாது.

இந்த அனுபவம் எல்லாம் முடிந்த பிறகு வந்தவைதான் ஓஎஸ்பிஎஃப்பும் ஐஎஸ்-ஐஎஸ்ஸும். மாறாத எண்ணை அவை வைத்துக்கொண்டதற்குச் சோம்பல் காரணம் இல்லை. நெரிசலைக் கவனிப்பது அனுப்புபவரின் வேலை, அவருடைய கணினியில் ஓடும் டிசிபி வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். ரூட்டிங் அசையாமல் நிற்கட்டும் என்று பிரித்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகச் சரியான முடிவாகவே படுகிறது. நள்ளிரவில் ஒரு பிரச்சினையைத் தேடும்போது, பாதை நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது என்ற உறுதி எவ்வளவு பெரியது என்பது, தேடியவர்களுக்குத் தெரியும்.

6 மார்ச், மதியம் 1:10

காஸ்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். பாக்கெட் வந்ததும் ரவுட்டர் முதலில் பார்ப்பது பொருத்தத்தின் நீளம். /22 ஒன்றும் /24 ஒன்றும் (முகவரியின் முதல் எத்தனை பிட்டுகள் பொருந்த வேண்டும் என்பதே அந்த எண்) டேபிளில் இருந்தால், முகவரி இரண்டிலும் அடங்கினாலும் /24தான் வெல்லும். அதன் காஸ்ட் ஆயிரமாக இருந்தாலும் சரி. இரண்டுக்கும் நடுவே போட்டியே கிடையாது, அவை ரவுட்டருக்கு வேறு வேறு இடங்கள்.

24 பிப்ரவரி 2008இல் இதை உலகமே பார்த்தது. யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க 208.65.153.0/24 என்று ஒரு பாதையைப் போட, அது வெளியே கசிந்துவிட்டது. உலகின் பெரும்பகுதி ரவுட்டர்கள் நீளமான பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே அனுப்பின. யூடியூப் தானும் /24 அறிவித்து, பிறகு அதை இரண்டு /25 ஆக உடைத்தும் அறிவித்துத்தான் போக்குவரத்தை மீட்க வேண்டியிருந்தது. இதில் எந்த ரவுட்டரும் விதியை மீறவில்லை.

9 மார்ச், இரவு 8:45

"ஒரு லிங்க் போனால் எவ்வளவு நேரத்தில் சரியாகும்" என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. போனது தெரிய வேண்டும், எல்லாருக்கும் சொல்ல வேண்டும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், கணக்கு போட வேண்டும், வந்த விடையை ஹார்டுவேர் டேபிளில் எழுத வேண்டும். இதில் கணக்கு போடுவது மிகச் சின்னது. தெரிவதற்கு ஆகும் நேரம்தான் பெரும்பாலும் மிகப் பெரியது.

ஃபைபர் நேராக வந்து ரவுட்டரில் சொருகியிருந்தால், வெளிச்சம் நின்றதுமே தெரிந்துவிடும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால் கதை வேறு. நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு லிங்கில், நடுவில் வேறொருவருடைய ஸ்விட்ச். எதிர்ப் பக்கம் கேபிள் போய்விட்டது, என் பக்கத்து விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கன்சோலில் நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) பட்டியலைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். டெட் டைம் (ஹலோ வராமல் இன்னும் எத்தனை விநாடி பொறுக்கும்) என்ற பத்தியில் எண் வழக்கமாக 39இல் தொடங்கி, 30 வரை இறங்கும். ஹலோ வந்ததும் மறுபடி மேலே ஏறிவிடும். அன்று 30இல் ஏறவில்லை. 28. 25. 19. அவ்வளவு நேரமும் நெய்பரின் நிலை ஃபுல் என்றே காட்டிக்கொண்டிருந்தது, பாக்கெட்டுகள் எல்லாம் இல்லாத ஒரு வழியில் போய் விழுந்துகொண்டிருந்தன. மாற்றுப் பாதை பக்கத்திலேயே தயாராக இருந்தது. அந்த எண் சுழியைத் தொடும் வரை ரவுட்டருக்கு அதை எடுக்கக் காரணமே இல்லை. தொட்டதும், நான் மறுபடி கட்டளையை அடித்து முடிப்பதற்குள், மற்ற எல்லாமே முடிந்திருந்தது.

ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி என்பது பெரும்பாலான இடங்களில் இருக்கும் இயல்பு மதிப்பு. அதைக் குறைப்பதைவிட, லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் பிஎஃப்டி போடுவது நல்லது. 2010இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்தது. 50 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்னப் பாக்கெட், மூன்று தொடர்ந்து வராவிட்டால் லிங்க் போய்விட்டது என்று ஓஎஸ்பிஎஃப்பிடம் சொல்லிவிடும். 150 மில்லிசெகண்டில் தெரிந்துவிடுகிறது. நல்ல பெட்டிகளில் லைன் கார்டே (லிங்குகள் சொருகும் பலகை) இதைக் கவனித்துக்கொள்வதால், மெயின் சிபியு வேறு வேலையில் திணறினாலும் பொய்யாக லிங்க் விழாது.

9 மார்ச், இரவு 9:30

"கொஞ்சம் காத்திருக்க வேண்டும்" என்று மேலே போகிற போக்கில் எழுதிவிட்டேன். ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயம்தான்.

ஒரு ரவுட்டர் விழுந்தால் அதைச் சுற்றியுள்ள எல்லாரும் தனித்தனியாக அறிவிப்பார்கள். முதல் அறிவிப்பைப் பார்த்ததும் கணக்கு போட்டால் பாதிச் செய்தியை வைத்துப் போட்டதாகும். இன்னொன்று, ஒரு லிங்க் விழுந்து எழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் ஏரியா முழுக்க எல்லா ரவுட்டரும் கணக்கு போடும். பழைய சிஸ்கோ பெட்டிகளில் 5 விநாடி பொறுத்துப் போடு, அடுத்த கணக்குக்கு 10 விநாடி இடைவெளி விடு என்று வைத்திருந்தார்கள். இப்போது முதல் மாற்றத்துக்கு உடனே ஓடு, தொடர்ந்து வந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போ என்கிற முறை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி செய்துகொண்டிருந்ததை 2018இல் ஆர்எஃப்சி 8405 ஒரே முறையாக்கியது.

ஒரே முறை ஏன் தேவை? பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் வேறு வேறு நேரத்தில் மாறினால், நடுவில் வளையம் விழும். இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். க, ச, ட, த நான்கும் வட்டமாக இருக்கின்றன. க–ச 1, ச–ட 1, ட–த 5, த–க 1. எல்லாரும் த-வுக்குப் போக வேண்டும். க நேராகப் போகும். ச, க வழியாக, மொத்தம் 2. ட-வும் ச, க வழியாகவே, மொத்தம் 3. நேராகப் போனால் 5 ஆயிற்றே. இப்போது த–க அறுந்தது. முதலில் தெரிவது க-வுக்கு. அது புதுக் கணக்கு போட்டு ச-வின் பக்கம் திருப்புகிறது. ச இன்னும் பழைய டேபிளில் இருப்பதால் திரும்ப க-விடமே அனுப்புகிறது. வளையம். ச மாறியதும் அது ட-வின் பக்கம் அனுப்புகிறது, ட இன்னும் பழையதிலேயே இருந்தால் ச-விடம் திருப்புகிறது. வளையம் ஒரு லிங்க் தள்ளிப் போயிருக்கிறது. ட-வும் மாறிய பிறகுதான் த-வுக்குப் போய்ச் சேரும்.

மூவர் கணக்கும் சரி. மூவர் வரைபடமும் சரி. சில நூறு மில்லிசெகண்டு வித்தியாசம் மட்டும்தான். அந்த இடைவெளியில் டிடிஎல் (இன்னும் எத்தனை ஹாப் போகலாம் என்ற எண்ணிக்கை) 64 உள்ள ஒரு பாக்கெட் அதே லிங்கில் டஜன் கணக்கில் முன்னும் பின்னும் போய்வந்து சாகும், அந்த லிங்கில் இருந்த நல்ல போக்குவரத்தையும் சேர்த்து நெருக்கும். இதற்கு மைக்ரோலூப் என்று பெயர். மானிட்டரிங் வரைபடத்தில் ஒரு லிங்கில் காரணமே இல்லாமல் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்து அடங்கினால், அந்த நேரத்து லாக்கில் எங்காவது ஒரு லிங்க் விழுந்ததா என்று தேடுங்கள்.

12 மார்ச், காலை 6:50

"எல்லார் கையிலும் ஒரே வரைபடம்" என்று 4ஆம் தேதி எழுதியது ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பழைய அறிவிப்பு எது, புதியது எது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் வரிசை எண். 27 அக்டோபர் 1980இல் ஆர்பாநெட் முழுக்கச் சில மணி நேரம் படுத்துவிட்டதற்கு இந்த எண்தான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த விபத்து என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் லிங்க் ஸ்டேட்டைப் படிக்கும் ஒவ்வொருவரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எண் 6 பிட். 0 முதல் 63 வரை, பிறகு மறுபடி 0. வட்டமாகச் சுற்றுவதால் எது புதியது என்பதற்கு ஒரு விதி: பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் வித்தியாசம் 32 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பெரியது புதியது. 32ஐத் தாண்டினால் எண் சுற்றி வந்திருக்கிறது, சின்னதுதான் புதியது. அன்று ஒரு கணுவின் நினைவகம் பிட்டுகளைத் தவறவிட்டதில், 50ஆம் எண் கணுவின் பெயரில் மூன்று அறிவிப்புகள் ஒரே நேரத்தில் உலாவத் தொடங்கின: 44, 40, 8. இரண்டின் அடிமானத்தில் எழுதினால் 101100, 101000, 001000. ஒவ்வொரு பிட்டாக உதிர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இப்போது விதியைப் போடுங்கள். 40ஐவிட 44 புதியது, வித்தியாசம் 4. 44ஐவிட 8 புதியது, ஏனென்றால் வித்தியாசம் 36. 8ஐவிட 40 புதியது, வித்தியாசம் சரியாக 32. மூன்றும் ஒன்றையொன்று துரத்துகின்றன. எது வந்தாலும் கையில் இருப்பதைவிடப் புதியதுதான், ஏற்றுக்கொள், எல்லாருக்கும் அனுப்பு. ரவுட்டர்கள் வேறு வேலையே செய்யவில்லை. ஒரு ரவுட்டரை நிறுத்தி மறுபடி ஏற்றினாலும், பக்கத்தில் இருப்பவை அதே மூன்றையும் திரும்பக் கொடுத்துவிடும். கடைசியில் 50ஆம் கணுவின் அறிவிப்புகளை ஒதுக்கும்படி ஒரு திருத்தத்தை எல்லாக் கணுவிலும் ஏற்றித்தான் நிறுத்தினார்கள். எரிக் ரோசன் இதை ஆர்எஃப்சி 789 ஆக 1981இல் எழுதி வைத்தார். ஆங்கிலம் எளிது, முழுதாகப் படியுங்கள்.

இன்றைய ஓஎஸ்பிஎஃப்பில் எண் 32 பிட், சுற்றாது, நேர்கோடு. ஒரு அறிவிப்பை 5 விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது என்ற விதியோடு சேர்த்துப் பார்த்தால், எண் தீர்ந்துபோக 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அறிவிப்பிலேயே செக்சம் (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்) இருக்கிறது, நினைவகத்துக்குள் கெட்டாலும் பிடிபடும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வயது உண்டு. 30 நிமிடத்தில் புதுப்பிக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் புதுப்பிக்காவிட்டால் எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "ஒன்றுமே மாறாதபோது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஏன் வீணாக அனுப்புகிறது" என்று ஒருவர் கேட்டிருந்தாரே, அது வீண் இல்லை. இப்படிப்பட்ட விபத்துகள் வழியாக வந்த பாதுகாப்பு. இந்தச் சிந்தனையை 1980களில் முன்னெடுத்தவர்களில் ரேடியா பெர்ல்மன் முக்கியமானவர். ஐஎஸ்-ஐஎஸ்ஸில் அவருடைய கை இருக்கிறது.

13 மார்ச், இரவு 10:15

இஐஜிஆர்பி என்ற இன்னொரு ப்ரோட்டோகால் எந்த வகை? டிஸ்டன்ஸ் வெக்டர்தான், ஆனால் வளையம் விழாத டிஸ்டன்ஸ் வெக்டர். கார்சியா-லூனா-அசெவெஸ் தந்த டுயல் கணக்கு. அதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. என் இப்போதைய தூரம் 10. ஒரு நெய்பர் தனக்கு 7 என்கிறது, அதன் வழியாகப் போனால் எனக்கு 14. இன்னொன்று தனக்கு 11 என்கிறது, லிங்க் மலிவு என்பதால் அதன் வழியாக எனக்கு 12. மாற்றுப் பாதையாக முன்கூட்டியே எடுத்து வைப்பது 14ஐத்தான்! 7 என்பது என் 10ஐவிடக் குறைவு, எனவே அது என் வழியாகப் போக வாய்ப்பே இல்லை. 11 என்று சொல்பவர் என்னை நம்பித்தான் சொல்கிறாரோ என்னவோ. முழு வரைபடம் இல்லாமலே, ஒரு ஒப்பீட்டில் வளையத்தைத் தவிர்க்கிறது. இதைவிட அழகான விதியை ரூட்டிங்கில் நான் பார்த்ததில்லை.

17 மார்ச், மாலை 4:30

தனித்தனி நிறுவனங்களின் நெட்வொர்க்குகளை இணைக்கும் பிஜிபி பற்றித் தனி இழை போடலாம், இங்கே சுருக்கமாக. மேலே சொன்ன எல்லாவற்றிலும் "சிறந்த பாதை" என்றால் எண் குறைந்த பாதை. பிஜிபியில் முதலில் பார்ப்பது லோக்கல் ப்ரிஃபரன்ஸ். அதை நிர்வாகிதான் வைக்கிறார், பெரும்பாலும் பணத்தை வைத்து: வாடிக்கையாளர் வழி முதலில், இலவசமாகப் பரிமாறிக்கொள்பவர் அடுத்து, காசு கொடுத்து வாங்கும் வழி கடைசியில். அதில் சமமானால்தான் ஏஎஸ் பாதையின் நீளம், அதாவது வழியில் எத்தனை ஏஎஸ் (தனி நிர்வாகத்தில் இருக்கும் நெட்வொர்க்) வருகிறது என்பது. தாமதம், வேகம் எதுவும் கணக்கிலேயே இல்லை. பக்கத்து ஊருக்குப் போகும் பாக்கெட் கடல் தாண்டிப் போய் வருவது இதனால்தான்.

16 வரை எண்ணிக்கொண்டே போகும் சிக்கல் இங்கே இல்லை, ஏனென்றால் அறிவிப்பிலேயே கடந்து வந்த ஏஎஸ் எண்கள் முழுதும் இருக்கும். என் எண்ணை நானே அதில் பார்த்தால் தள்ளிவிடுவேன். ஆனால் அதன் மிச்சம் வேறு உருவில் உண்டு. ஒரு நெட்வொர்க் முழுதாக மறைந்தால், ஒவ்வொரு ஏஎஸ்ஸும் "இந்தப் பாதை போனால் என்ன, அது சொன்ன பாதை இருக்கிறதே" என்று ஏற்கெனவே செத்துப்போன பாதைகளை, கொஞ்சம் கொஞ்சமாக நீளமானவற்றை, ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். ஒரு நெய்பருக்கு அடுத்தடுத்து அறிவிப்பதற்கு நடுவே 30 விநாடி இடைவெளி விடலாம் என்று ஆர்எஃப்சி 4271 சொல்வதையும் சேர்த்தால், ஓய்வதற்கு நிமிடக்கணக்கில் ஆகலாம். புதிதாக ஒன்று வந்தால் உலகம் சீக்கிரம் தெரிந்துகொள்ளும். போனது தெரியத்தான் நேரமாகும். ரிப்பில் பார்த்த அதே குணம்.

23 மார்ச், இரவு 9:00

ரவுட்டரை அப்கிரேட் செய்யும்போது என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு. நேராக ரீபூட் அடிக்க வேண்டாம். முதலில் ஓஎஸ்பிஎஃப்பில் மேக்ஸ் மெட்ரிக் போடுங்கள். தன் எல்லா லிங்குக்கும் 65535 என்று அந்த ரவுட்டர் அறிவிக்கும், மற்றவர்கள் கணக்கு போட்டு வேறு வழிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மாறும்வரை பழைய வழியும் உயிரோடுதான் இருக்கும், அதனால் இல்லாத லிங்கில் போய் எதுவும் விழாது. மைக்ரோலூப் வாய்ப்பு முழுக்கப் போகாது, அது இருக்கத்தான் செய்யும். இன்டர்ஃபேஸ் வரைபடம் தரையைத் தொட்டதும் ரீபூட்.

எழும்போது இன்னும் கவனம். ஓஎஸ்பிஎஃப் சில விநாடிகளில் எழுந்து "நான் வந்துவிட்டேன், என் வழியாகப் போகலாம்" என்று சொல்லிவிடும். பிஜிபி 9 லட்சத்துக்கு மேற்பட்ட பாதைகளை வாங்கி முடிக்க நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பாக்கெட்டுகள் வந்து சேரும், எங்கே அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. மேக்ஸ் மெட்ரிக் கட்டளையிலேயே, பிஜிபி முடியும் வரை பொறு என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஐஎஸ்-ஐஎஸ்ஸில் இதே வேலைக்கு ஓவர்லோட் பிட். பிஜிபிக்குக் காத்திருக்கும் அந்தத் தேர்வை நிரந்தரமாக கான்ஃபிக்கில் போட்டு வையுங்கள், மின்சாரம் போய் ரவுட்டர் தானாக எழும்போதும் உதவும்.